மூக்கால் பாடுகிறவர்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் பெரியம்மாவின் வீடு இருக்கிறது. மார்கழித் திருவாதிரைக்கு நாலு நாள் முன்னதாகவே அங்கே போய் இறங்கிவிடுவது, தேரன்று பெரியம்மாவைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போய்த் திரும்புவது என்பது எனக்கு வருஷா வருஷம் வழக்கம். இந்த வருஷம் போனபோது வீட்டில் ஒரு சின்ன யுத்தம் நடந்துகொண்டிருந்தது.

பெரியம்மாவின் பேத்தி பிளஸ் டூ படிக்கிறாள். ஆறு வருஷமாகப் பாட்டுக் கற்றுக்கொண்டவள், "இனிமேல் போகமாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டாளாம். காரணம்? ஏதோ ஒரு விழாவில் இறைவணக்கம் பாடுவதற்குப் பெண்களைப் பொறுக்கியபோது, பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் அம்மாள் இவளை மட்டும் தனியே நிறுத்தி, "உன் சாரீரம் கட்டை. மூக்கால் வேறு வருகிறது. நீ சுருதிப்பெட்டியைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டாராம். பத்துப் பெண்களுக்கு எதிரில்! பதினேழு வயசில் அந்த வார்த்தை எப்படி இருக்கும் என்று இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"அவர் சொன்னதில் என்னடி தப்பு? பெண் குழந்தை என்றால் குரல் குயில் மாதிரி இருக்க வேண்டாமா? எதிர்வீட்டு மாமி போனில் இவள் பேசுவதைக் கேட்டு, 'யார், தம்பியா?' என்று கேட்கிறாள்!" என்றார் பெரியம்மா.

குழந்தை ஒன்றும் பேசவில்லை. காதில் எதையோ மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போய், "என்ன கேட்கிறாய்?" என்றேன். ஒரு பக்கத்தை என் காதில் மாட்டினாள். சந்தோஷ் நாராயணன் இசையில், 2021ல் அறிவும் தீ என்ற பாடகியும் பாடி வெளியிட்ட 'என்ஜாய் எஞ்சாமி'. ஒப்பாரியின் ஓலமும் நாட்டுப்புறத் தாளமும் மேல்நாட்டு வாத்தியங்களும் சேர்ந்த பாட்டு. உலகமெல்லாம் சுற்றி வந்த பாட்டுத்தான். ஆனால் அன்றைக்கு நான் கவனித்தது அந்தப் பெண்ணின் குரலை. குயிலுக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம்! சற்றே கரகரப்பு, சற்றே அடைப்பு. அப்படியிருந்தும் ஆயிரம் குரல்களுக்கு நடுவில் தனியாகத் தெரிகிறது.

"அத்தை, இது மட்டும் எப்படி எல்லாருக்கும் பிடிக்குது?" என்றாள் குழந்தை.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பதில் கீழே கூடத்திலிருந்து தானாகவே வந்தது. பெரியம்மா தம் பாட்டுப் பெட்டியைத் திருகியிருந்தார். கூடத்துச் சுவரெல்லாம் அதிரும்படி ராவணன் பாடிக்கொண்டிருந்தான்.

சிதம்பரம் எஸ். ஜெயராமன்! நான் விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடினேன்.

"பெரியம்மா, இவர் எதனால் பாடுகிறார்?"

"எதனால் என்றால்? வாயால்தான்!"

"நன்றாகக் கேட்டுச் சொல்லுங்கள்."

பெரியம்மா கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு பேத்தி இருந்த மாடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "கொஞ்சம் மூக்குத்தான். ஆனால் அது அவருக்கு அழகுடி" என்றார்.

ஜெயராமன் 1917ல் சிதம்பரத்தில் பிறந்தவர். கர்நாடக சங்கீதத்தில் ஊறிய குரல். ஆனாலும் சினிமாவுக்கு வந்தபோது வித்துவான் என்ற தலைப்பாகையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்தவர். 1952ல் 'பராசக்தி'யில் சிவாஜி கணேசன் முதன்முதலாகத் திரையில் தோன்றியபோது, காக்கைகளைக் கூப்பிட்டுப் பாடும் அந்தப் பாட்டுக்குக் குரல் கொடுத்தவர் இவர்தான். 1954ல் 'ரத்தக்கண்ணீர்' படத்தின் பாட்டுகளுக்கு மெட்டமைத்ததோடு, தொழுநோய் பிடித்த எம். ஆர். ராதாவுக்காக அவரே பாடவும் செய்தார். கேட்டிருக்கிறீர்களா? பாவம் செய்தவன் பாடும் பாட்டைத் தேன் குரலில் பாடியிருந்தால் நமக்குச் சிரிப்பல்லவா வந்திருக்கும்!

அதே 1954ல்தான் காற்று திசை மாறியது. 'தூக்குத் தூக்கி' படத்துக்கு ஜெயராமனே பாடட்டும் என்று சிவாஜி விரும்பினார் என்றும், டி. எம். சௌந்தரராஜன் சில பாட்டுகளைப் பாடிக் காட்டி அவர் மனத்தை மாற்றினார் என்றும் சொல்வார்கள். அப்புறம் நடந்தது ஊரறிந்த கதை. நடிகரின் முகமும் பாடகரின் குரலும் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்த வேண்டும் என்ற ருசி நமக்கு வந்துவிட்டது. சௌந்தரராஜன் அதில் நிகரற்றவர். அதை மறுத்து நான் யாரிடமும் வம்புக்குப் போகத் தயாரில்லை. ஆனால் ஜெயராமன் யார் முகத்துக்காகவும் தம் குரலை வளைக்கிறவர் அல்ல. அந்தக் குரலுக்கு ஏற்ற முகத்தைத்தான் படக்காரர்கள் தேட வேண்டியிருந்தது.

1958ல் 'சம்பூர்ண ராமாயண'த்தில் அது கிடைத்தது. என். டி. ராமராவ் ராமர். சிவாஜி பரதன். ஜெயராமன் குரல் டி. கே. பகவதியின் ராவணனுக்குப் போயிற்று! கே. வி. மகாதேவன் இசையில், சபையில் கேள்வி கேட்கக் கேட்க இலங்கை வேந்தன் ராகங்களாலேயே பதில் சொல்கிற காட்சி ஒன்று வரும். விடியலுக்குப் பூபாளம், உச்சி வேளைக்குச் சாரங்கா, மாலைக்கு வசந்தா, இரக்கத்துக்கு நீலாம்பரி, போர்க்களத்துக்குக் கம்பீர நாட்டை. ஆறு மாதப் பாடத்தை ஆறு நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்துவிடுகிறார். வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஒரு சாயங்காலம் போட்டுக் காட்டுங்கள்.

ஜோடிப் பாட்டு என்று வந்துவிட்டால் அவர் குரல் என்னைப் பொறுத்தவரை எப்போதும் ஒட்டுவதில்லை. பி. சுசீலாவோடு 1957ல் 'புதையல்' படத்திலும், அகிலன் எழுதிய 'பாவை விளக்கு' 1960ல் படமானபோது அதிலும் பாடியவை மட்டும் விலக்கு. பெரியம்மா இதை ஒப்புக்கொள்ளமாட்டார். "உனக்கென்ன தெரியும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அதற்குள் குழந்தையும் மாடிப்படியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். விட்டேனா? சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகரில், 1929ல் ஏற்பட்ட பல்கலைக்கழகத்தில் 1930களில் சங்கீதத்துக்குத் தலைமை வகித்தவர் யார் தெரியுமா என்று கேட்டேன். டைகர் வரதாச்சாரியார். கரடுமுரடான சாரீரம் அவருக்கு. அந்தச் சாரீரத்தை வைத்துக்கொண்டுதான் ராகத்தை அணு அணுவாகப் பிரித்துக் காட்டினார். 1932ல் சங்கீத கலாநிதி ஆனார். பிற்காலத்தில் கலாக்ஷேத்திரத்தில் அவரிடம் கற்ற எம். டி. ராமநாதனோ பாதாளத்திலிருந்து வருகிற மாதிரி சுருதி வைத்துக்கொண்டு பாடுவார். அதற்கென்றே உயிரை விடும் ரசிகர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

"அவங்கல்லாம் ஆம்பிளைங்க, அத்தை" என்றாள் குழந்தை. சுருக்கென்றது. நியாயமான கேள்விதானே?

டி. கே. பட்டம்மாளின் கனமான சாரீரத்தைப் போட்டுக் காட்டினேன். 1935ல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக, ஆண் வேஷத்தில், ஒரு லட்ச ரூபாய் சம்பளத்தில் நடித்துப் பாடியதைச் சொன்னேன். அவர் குரல் கட்டையல்ல, வெண்கலம். அந்தக் குரலில் சிதம்பர தரிசனத்துக்காக ஏங்கிப் பாடினார். 'இது பெண் குரலாயிற்றே' என்று யாரும் கொட்டகையை விட்டு எழுந்து போய்விடவில்லை.

அப்புறம்தான் எனக்கு உருப்படியான ஒரு யோசனை வந்தது. "எத்தனை கட்டையில் பாடச் சொல்கிறார்கள்?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் ஐந்தரை." அதுதானா விஷயம்! பத்துப் பெண்களுக்கும் ஒரே சுருதி வைத்தால் கற்றுக் கொடுப்பவருக்குச் சௌகரியம். ஆனால் மேல் ஷட்ஜத்துக்கு எக்கி எக்கி ஏறும்போது தொண்டை இறுகி, ஒலி மூக்கு வழியாகத் தப்பித்துப் போகிறது. போனிலேயே சுருதிப்பெட்டி இருக்கிறதே, நாலு கட்டையில் வைத்தேன். மாயாமாளவகௌளையில் சரளிவரிசை பாடினாள். மூக்கு முழுவதும் போய்விடவில்லை, பாதிதான் போயிற்று. மீதி அவளுடைய சொத்து, இருந்துவிட்டுப் போகட்டும். பெரியம்மா சமையலறையில் தாளிப்பதை நிறுத்திவிட்டு நின்றார். கடுகு கருகியது.

தேரன்று மூவருமாகச் சிதம்பரம் போனோம். கீழ வீதியில் தோளுக்குத் தோள் கூட்டம். நாகஸ்வரக்காரர்கள் மல்லாரி எடுத்தார்கள். தவில் இடி இடித்தது. குழந்தை என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தை! இது கம்பீர நாட்டைதானே? ராவணன் யுத்தத்துக்குச் சொன்னது!"

"அதேதான்."

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டவள், பாட்டியின் காதருகே குனிந்து, "பாட்டி, இதுவும் மூக்காலதான் பாடுது!" என்றாள்.

பெரியம்மாவுக்குக் கோபம் வந்ததோ, சிரிப்பு வந்ததோ தெரியவில்லை. "சுவாமி வருகிற நேரத்தில் வாயை மூடு" என்று அதட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அவள் நாலு கட்டையில் முனகிக்கொண்டே வந்தாள். பரங்கிப்பேட்டைப் பிரிவு தாண்டியதும் பெரியம்மா என் முழங்கையை இடித்தார். "அந்த அம்மாளிடம் வேண்டாம். வேறு நல்ல இடமாகப் பார்" என்றார். பார்த்துக்கொண்டிருக்கிறேன்.