மீன் தீனியும் நம் சரக்குதான்

சென்னை கொளத்தூர் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு தொட்டி கட்டி வண்ண மீன் வளர்க்கிறார்கள். அங்கிருந்து வெளியூர்களுக்கும் மீன் போகிறது. ஆனால் மீன் வாங்கிப் போனவர் தீனிக்காக மறுபடி கொளத்தூர் போவதில்லை. தெருமுனை மளிகைக் கடைக்குத்தான் வருகிறார். அதனால் ஷாம்பு சரத்துக்குப் பக்கத்தில் மீன் தீனி பாக்கெட்டும் தொங்குகிறது. நல்ல வியாபாரம்தான். நாம் அதை விற்கும் முறைதான் சரியில்லை என்பது என் கருத்து.

பல கடைகளில் ஒரே வகைக் குருணைதான் உண்டு. கப்பி, மோலி, ஃபைட்டர், டெட்ரா எதுவானாலும் அதையே எடுத்துக் கொடுக்கிறோம். அது தீர்ந்துவிட்டால், "பொரி போடுங்க" என்கிறோம். பொரி வெறும் மாவுச்சத்து. ஊறித் தண்ணீரையும் கெடுத்துவிடும்.

அரிசி மட்டும் வாங்கி யாராவது குடித்தனம் நடத்துகிறார்களா? மாதச் சிட்டையில் பருப்பும் எண்ணெயும் இருக்கும். மீனுக்கும் அப்படித்தான். ஃபைட்டர் புழு பூச்சி தின்னும் இனம். அதற்குப் புரதம் மிகுந்த தீனி வேண்டும். மோலி பாசி மேயும். அதற்குச் சுருள்பாசி கலந்த தீனி ஏற்றது. கப்பி இரண்டையும் தின்னும். வாயைப் பார்த்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும். வாய் மேல்நோக்கி இருந்தால் மிதக்கும் தீனி. அடியில் மேயும் கோரிடோராஸுக்கு மூழ்கும் தீனி. நியான் டெட்ராவுக்கு வாய் சிறிது. பெரிய குருணையைக் கவ்விப் பார்த்துத் துப்பிவிடும்.

அடுத்தது, பெரிய பையைப் பிரித்துப் பாலிதீன் கவரில் கட்டி விற்கும் பழக்கம். இதை நான் அடியோடு எதிர்க்கிறேன். காற்றும் ஈரமும் பட்டால் தீனியிலுள்ள வைட்டமின் சி குறைந்துகொண்டே போகும். நிலக்கடலை காறிப்போவது போல அதிலுள்ள கொழுப்பும் காறிப்போகும். பார்வைக்குப் புதுச் சரக்கு போலவே இருக்கும். கட்டிய தேதியும் இல்லாத கவரை எந்த நம்பிக்கையில் வாங்குவது? கம்பெனி அடைத்த 20 கிராம், 50 கிராம் பாக்கெட்டுகளில் இரண்டு மூன்று வகை வைத்தால் போதும். தேதி பார்த்துப் பழையதை முதலில் தள்ளுவது நமக்குப் புதிய பாடமல்ல.

உயிருள்ள டியூபிபெக்ஸ் புழு மீனுக்குக் கொள்ளைப் பிரியம். ஆனால் சாக்கடை ஓரத்தில் அள்ளியதாக இருந்தால் நோயும் கூடவே வரும். மளிகைக் கடைக்கு அது வேண்டாம். உலர்த்திய புழுக் கட்டி வைத்துக்கொள்ளலாம்.

வாங்குபவரிடம் இரண்டு வார்த்தை சொல்லுங்கள். இன்று ஒரு வகை, நாளை வேறொரு வகை போடட்டும். வாரம் ஒரு நாள் பச்சைப் பட்டாணியை உப்பில்லாமல் வேகவைத்து, தோலுரித்து, நசுக்கித் துளி போடலாம். பட்டாணியும் நம் கடைச் சரக்குதானே! எதுவானாலும் 2 நிமிடத்தில் தின்று தீரும் அளவுதான். மிஞ்சியது அழுகி அம்மோனியா உண்டாகி, மீன் செத்து மிதக்கும்.

குறைவாகப் போடச் சொன்னால் விற்பனை குறையுமே என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். மீன் செத்த வீட்டில் தொட்டி பரணுக்குப் போய்விடும்; பிறகு யாரிடம் விற்பது? ஒரே கடைக்கு மூன்று வகை வாங்குவது சுமை என்றால், ஒரு தெருவில் நாலு கடைக்காரர் சேர்ந்து ஒரு பெட்டி எடுத்துப் பங்கிட்டுக்கொள்ளலாம். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவோம்.