'வெரி' என்னும் சொல்

என் நண்பர் ஒருவர் ஒரு சிறு கம்பெனியில் மானேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டுச் செல்லும் ஒவ்வொருவருக்கும் ஆங்கிலத்தில் நற்சாட்சிப் பத்திரம் எழுதித் தருவது அவர் வழக்கம். இளகிய மனம் படைத்தவராகையால் எல்லோருக்குமே 'வெரி ஆனஸ்ட்' என்று எழுதிவிடுவார்.

ஒரு முறை, உண்மையிலேயே நாணயஸ்தரான காஷியர் ஒருவர் வெளியூர் போய் வேலை தேட நேர்ந்தது. அங்கே அவரை அறிந்தவர் யாருமில்லை. இந்தக் கடிதம் ஒன்றே துணை. நண்பர் பேனாவை எடுத்து வழக்கம் போல் 'வெரி ஆனஸ்ட்' என்று எழுதினார். எழுதிய பிறகே திகைப்பு உண்டாயிற்று. கணக்கில் கை வைத்து அகப்பட்டுக்கொண்ட ஒரு பேர்வழிக்கும் முன்பு அதே இரண்டு வார்த்தைகளைத்தானே எழுதிக் கொடுத்திருந்தார்! 'வெரி வெரி ஆனஸ்ட்' என்று எழுதலாமா என்று யோசனை கேட்க என்னிடம் வந்தார்.

அவருக்கு நான் சொன்ன பதிலை முடிவில் சொல்கிறேன். அதற்கு முன் இந்த 'வெரி'யின் பூர்வோத்தரத்தைச் சற்றே விசாரிப்போம்.

'வெரி' என்றால் 'மிக' என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லும். ஆனால் அச்சொல்லுக்கு ஆதியில் 'மெய்யான' என்பதே பொருள். லத்தீன் பாஷையில் 'வேருஸ்' என்றால் மெய்யானது. அது பழைய பிரெஞ்சு வழியாக உருமாறி, 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிற்பாடு ஆங்கிலத்தில் வந்து சேர்ந்தது. ஜூரிகள் கூறும் 'வெர்டிக்ட்' அதன் உறவினர். 'மெய்யுரை' என்பது அதன் பொருள். சரிபார்த்தலைக் குறிக்கும் 'வெரிஃபை'யும் அதே குடும்பந்தான். 1400-இல் காலமான சாஸர் என்னும் ஆங்கிலக் கவி, தம் காண்டர்பரிக் கதைகளில் ஒரு போர்வீரனுக்கு இந்த அடைமொழியைச் சூட்டும்போது, மெய்யான வீரன் என்பதே கருத்து.

1611-இல் வெளியான ஆங்கில பைபிளில் ஓர் உருக்கமான கட்டம் உண்டு. ஈசாக்கு என்னும் கிழவருக்குக் கண் தெரியவில்லை. மூத்தவன் ஏசாவுக்கு உரிய ஆசியைத் தான் பெறுவதற்காக இளையவன் யாக்கோபு, ஆட்டுத் தோலைக் கைகளில் சுற்றிக்கொண்டு, தானே ஏசா என்று சொல்லி வந்து நிற்கிறான். தந்தைக்குச் சந்தேகம். வந்திருப்பவன் மெய்யாகவே தம் மூத்த மகன்தானா என்று தடவிப் பார்த்து அறிய விரும்புகிறார். அந்த 'மெய்யாகவே' என்ற கருத்தைத் தாங்கி நிற்பது 'வெரி' என்னும் சொல். 'மிக மகன்' என்று அங்கே அர்த்தம் செய்தால் எப்படியிருக்கும்?

அந்தப் பழைய பொருள் இன்றும் அடியோடு மறைந்துவிடவில்லை. 'திஸ் வெரி ஹவுஸ்' என்றால் 'இதே வீடு'. நம் இலக்கணத்தில் தேற்ற ஏகாரம் செய்யும் வேலையை அங்கே 'வெரி' செய்கிறது.

பின் எவ்வாறு 'மிக' என்று ஆயிற்று? 'மெய்யாகவே நல்லவர்' என்று ஒருவர் சொன்னால் 'மிக நல்லவர்' என்றே கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். இப்படிப் பழகப் பழக, மெய் தேய்ந்து மிகுதி மட்டும் மிஞ்சியது. 'ரியலி', 'ட்ரூலி' ஆகிய சொற்களும் இதே பாதையில் போனவைதாம்.

பிரயோகத்தில் நம்மவர் தவறும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். 'மிக விரும்புகிறேன்' என்பது தமிழுக்குச் சரி. 'ஐ வெரி லைக்' என்பது ஆங்கிலத்துக்குப் பிழை. வினைச்சொல்லோடு வரும்போது 'வெரி'க்கு 'மச்' துணை வேண்டும். 'வெரி பெட்டர்' என்பதும் தவறு. 'மச் பெட்டர்' என்பதே சரி. 'வெரி' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'டூ' போடுவது இன்னும் அபாயம். 'டூ' என்றால் அளவுக்கு மிஞ்சியது. விருந்திட்ட அம்மாளிடம் பாயசம் 'டூ ஸ்வீட்' என்றால் பாராட்டு ஆகாது. சர்க்கரையைக் கொட்டிவிட்டீர்கள் என்ற புகாராகும்.

இனி நண்பருக்குச் சொன்ன பதில். "இரண்டாவது 'வெரி' வேண்டாம், முதலாவதையும் அடித்துவிடுங்கள். அவர் செய்ததை எழுதுங்கள்" என்றேன்.

நண்பர் யோசித்து இப்படி எழுதினார்: "இவர் 11 ஆண்டுகள் எங்கள் பணப்பெட்டியின் சாவியை வைத்திருந்தார். ஒரு நாளும் கணக்கில் ஒரு பைசா குறைந்ததில்லை."

காஷியர் அதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றாராம். 'வெரி' என்ற சொல் அந்தக் கடிதத்தில் இல்லை; அதன் பழைய பொருள் இருந்தது.