நேரம் எழுதாத குழாய்

சென்ற மாதம் ஜாசின் பக்கத்துக் கிளினிக் ஒன்றிலிருந்து கார்ட்டிசோல் பரிசோதனைக்கு ஒரு குழாய் வந்தது. பெயர், ஐ.சி. எண், தேதி எல்லாம் இருந்தன, நேரம் இல்லை. போன் போட்டுக் கேட்டேன். "காலையில எடுத்ததுதான் டாக்டர்" என்றார் தாதி. நோயாளியோ பத்து பெரெண்டாமில் இரவு ஷிஃப்ட் முடித்து நேரே கிளினிக்குக்குப் போனவர். அவர் உடம்புக்கு அது எந்த வேளை?

நேரம் தெரிந்திருந்தாலும், நாம் அளப்பது செறிவை. அறிய விரும்புவது சுரப்பை. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. மங்கில் கிடக்கும் பால் வேறு, பட்டையிலிருந்து சொட்டும் வேகம் வேறு. இரத்தம் ஓட்டை மங்கு, அவ்வளவுதான். கார்ட்டிசோலின் அரை ஆயுளைக் கணக்குக்காக 60 நிமிடம் என்று வையுங்கள். 8 மணிக்கு 300 நானோமோல்/லிட்டர், 8.20க்கும் 300. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அந்த மட்டத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3.5 வெளியேறுகிறது. ஆகவே இருபது நிமிடத்தில் சுமார் 70 புதிதாகச் சுரந்திருக்க வேண்டும்.

அப்படியானால் எல்லாக் குழாய்களுக்கும் இதே கணக்கைப் போட்டுவிடலாமே? முடியாது. அளவீட்டுப் பிழை 5 சதவீதம் என்றாலும் 300இல் அது 15. இரண்டு குழாய்களின் வித்தியாசத்தில் 21. பத்து நிமிட இடைவெளியில் நிமிடத்துக்கு 2 என்ற தடுமாற்றம், தேடும் 3.5க்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. இதனால்தான் 1987இல் வெல்ட்ஹுயிஸும் ஜான்சனும் செறிவிலிருந்து சுரப்பைப் பின்னோக்கிக் கணக்கிடும் டீகன்வல்யூஷன் முறையில் ஒவ்வொரு சுரப்புத் துடிப்புக்கும் மணி போன்ற ஒரு வடிவத்தை முன்கூட்டியே கொடுத்தார்கள். வடிவம் நாம் கொடுத்தது, இரத்தம் சொன்னதல்ல என்பதை மென்பொருளின் வழவழப்பான கோட்டைப் பார்க்கும்போது மறந்துபோகிறோம்.

இடைவெளியும் ஏமாற்றும். 90 நிமிடத்துக்கு ஒருமுறை எழும் எல்.எச். (லூட்டினைசிங் ஹார்மோன்) துடிப்பை மணிக்கொரு குழாயில் பிடிக்கப் போனால், 3 மணி நேரத் துடிப்பு என்று கணக்கு கூசாமல் சொல்லும். மாதவிடாய்ச் சுழற்சியின் பிற்பாதியில் அப்படியொரு துடிப்பு உண்மையிலேயே இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

பத்து நிமிடத்துக்கொன்று, நாள் முழுக்க 144 குழாய்: மெர்லிமாவிலோ அலோர் காஜாவிலோ இது நடக்காது. யாரும் கேட்கவும் இல்லை. இன்சுலின் கதை வேறு. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு. அதனால் இன்சுலின் எதிர்ப்பை மதிப்பிடும் ஹோமா கணக்கு நம் இதழின் கட்டுரைகளில் தாராளமாகப் புழங்குகிறது: வெறும் வயிற்று இன்சுலினையும் சர்க்கரையையும் பெருக்கி 22.5ஆல் வகுப்பது. இன்சுலினின் அரை ஆயுள் ஐந்து நிமிடம் போல. அதுவும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை துடித்துத்தான் சுரக்கிறது. 1985இல் இந்தக் கணக்கைத் தந்த மேத்யூஸே 2004இல் மற்ற இருவரோடு சேர்ந்து, ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று மாதிரி எடுத்துச் சராசரி பார்ப்பதே நல்லது, மக்கள்தொகை ஒப்பீட்டுக்கு வேண்டுமானால் ஒன்று போதும் என்று எழுதினார். நாமோ அந்த ஒன்றை வைத்துத் தனி ஆளுக்குத் தீர்ப்பு எழுதுகிறோம். ஒரே ஊசி, மூன்று குழாய், பத்து நிமிடம். இது முடியாத காரியமா?

அடுத்த இதழ் முதல் ஹார்மோன் அளவு இடம்பெறும் கட்டுரைகளில் இரத்தம் எடுத்த மணி-நிமிடம், நோயாளி கடைசியாக உறங்கி எழுந்த நேரம், ஆய்வுக்கூடத்தின் பிழைச் சதவீதம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். இல்லாதவை திருப்பி அனுப்பப்படும். ஜாசின் குழாயையும் திருப்பி அனுப்பிவிட்டேன்.