பச்சை யானைக்கு மார்க் போடாதீங்க!

எல்.கே.ஜி. படிக்கும் குழந்தை, யானைக்குப் பச்சை கலர் அடித்துக்கொண்டு வந்து ஆசையாக நீட்டுகிறது. 'யானை எங்கேயாவது பச்சையா இருக்குமா?' என்கிறோம். அல்லது, 'சூப்பர்டா செல்லம்! போட்டியில சேர்த்துவிடறேன், பிரைஸ் வாங்கணும்' என்கிறோம்.

முதலாவது தவறு என்று நமக்கே தெரியும். இரண்டாவதில் என்ன தப்பு?

அமெரிக்காவில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நர்சரி பள்ளியில் நடத்தப்பட்டு 1973-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. வரைவதில் ஆசையுள்ள 3 முதல் 5 வயதுக் குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவிடம், 'படம் வரைந்தால் சான்றிதழ் உண்டு' என்று முன்பே சொன்னார்கள். இரண்டாவது குழுவுக்குச் சொல்லாமலே, வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்குப் பரிசே இல்லை.

ஓரிரு வாரம் கழித்து, வகுப்பில் ஸ்கெட்ச் பேனாக்களை வைத்துவிட்டு, யாரையும் வற்புறுத்தாமல் கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த குழந்தைகள், மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். ஆசையாகச் செய்தது, கூலிக்குச் செய்யும் வேலையாகிவிட்டது!

இதில் நஷ்டம் ஓவியத்துக்கு மட்டுமல்ல. தம்பிப் பாப்பா பிறந்தால் பொறாமை, புது ஸ்கூல் என்றால் பயம்... குழந்தைக்கு எல்லாம் உண்டு. சொல்லத்தான் வார்த்தை இல்லை. கிறுக்கும்போதும், களிமண் பிசையும்போதும், பாத்திரத்தைத் தட்டிப் பாடும்போதும் அது கொஞ்சம் வெளியே வருகிறது. சரி, தப்பு பார்க்காத அந்த ஒரே இடத்திலும் நாம் மார்க் போட்டால், குழந்தை எங்கே போகும்?

வீட்டில் என்ன செய்யலாம்?

* பழைய காலண்டர் தாள், கோலமாவு, சப்பாத்தி மாவு... கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி இருங்கள்.

* 'இது என்ன?' என்பதற்குப் பதில், 'இதைப் பத்தி எனக்குச் சொல்லேன்' என்று கேளுங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

* அண்ணன், அக்கா, பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாதீர்கள்.

* கறுப்பு கலரையே எடுத்தால் பதற வேண்டாம். ஒரு படத்தை வைத்து மனதைக் கணிக்க முடியாது. ஆனால் தூக்கம், சாப்பாடு, விளையாட்டில் சில வாரங்களாகவே மாற்றம் தெரிந்தால், குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

தினமும் ஒரு கால் மணி நேரம் போதும். செல்போனை ஓரமாக வைத்துவிட்டு, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கிறுக்குங்கள். உங்கள் மனசும் கொஞ்சம் லேசாகும்!