சோளச் செடியும் தங்கப் பதக்கமும்



சில நாள்களாக நெஞ்சை உறுத்திக் கொண்டிருக்கும் ஒன்றை இன்று எழுதியே ஆக வேண்டும். எழுதினால் சிலர் முகம் சுளிப்பர். தமிழ்ப்பள்ளி மாணவர்களின் வெற்றியைக் கண்டு பொறாமை என்றும் கூறுவர். கூறட்டும். நானும் தமிழ்ப்பள்ளி ஆசிரியைதான். தமிழ்ப்பள்ளி மாணவர்கள் மேடையேறும்போது கைத்தட்டிக் கை சிவந்தவள்தான்.

அண்மையில் மாணவர் புத்தாக்கப் போட்டி ஒன்றின் கண்காட்சிக் கூடத்தைச் சுற்றிவரும் வாய்ப்புக் கிட்டியது. ஒரு மேசையில் இரண்டு சோளச் செடிகள். (தமிழகத்தார் மக்காச்சோளம் என்பர், நமக்கு இங்கே சோளம் என்றாலே அதுதான்.) ஒன்று முழங்கால் உயரம், வெளிறிப்போய் நின்றது. மற்றொன்று அந்தப் பையனின் தோளைத் தொட்டது. பின்னால் வண்ணப் பதாகை. நன்மை செய்யும் நுண்ணுயிர்களால் இருமடங்கு வளர்ச்சி, இனி உரமே தேவையில்லை என்று கொட்டை எழுத்தில் அறிவித்தது. பதினொரு வயதுப் பையன் மூச்சு விடாமல் மலாயிலும் ஆங்கிலத்திலும் விளக்கினான். அவன் முடித்ததும் நான் தமிழில் கேட்டேன்.

“தம்பி, இந்தச் சின்னச் செடிக்கு என்ன ஊற்றினீர்கள்?”

“தண்ணீர் மட்டும், டீச்சர்.”

“பெரிய செடிக்கு?”

“பப்பாளிப் பழம், பழுப்புச் சீனி, அரிசி கழுவிய தண்ணீர், தாப்பாய், தெம்பே எல்லாம் போட்டு இரண்டு வாரம் ஊற வைத்தது, டீச்சர்.”

“இரண்டுக்கும் ஒரே மண்ணா?”

பையன் தன் ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மெல்லிய குரலில் சொன்னான். சின்னச் செடி வெறும் மணலில் நின்றது; பெரிய செடிக்குக் கடையில் வாங்கிய கறுப்பு மண்.

அந்த ஆய்வுக்குத் தங்கம் கிடைத்தது. பையன் மீது எனக்குக் கடுகளவும் வருத்தமில்லை. சொல்லிக் கொடுத்ததைத்தான் அவன் செய்தான். நாம் எதைச் சொல்லிக் கொடுக்கிறோம் என்பதே என் கேள்வி.

நுண்ணுயிர்கள் பயிரை வளர்ப்பதில்லை என்று நான் கூறுவதாக எவரும் எண்ண வேண்டா. வளர்க்கின்றன. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும் எந்தச் செடியாலும் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள இயலாது. சில பாக்டீரியாக்கள் அதைப் பிடித்துச் செடிக்கு ஏற்ற தழைச்சத்தாக மாற்றுகின்றன. வேறு சில, மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தருகின்றன. இன்னும் சில, வேரை வளரத் தூண்டும் ஆக்சின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. தமிழகத்தில் அசோஸ்பைரில்லம் என்னும் பெயரைக் கேட்டிராத உழவர் அரியர். விதையோடு கலந்து விதைப்பதற்கென்றே அது பொட்டலங்களில் விற்கப்படுகிறது.

தமிழகம் வரை போவானேன்? நம் நாட்டிலேயே சோளத்தில் இந்த ஆய்வு நடந்திருக்கிறது. புத்ரா மலேசியப் பல்கலைக்கழகத்தினரும் மலேசிய அணுசக்தி நிறுவனத்தினரும் இணைந்து செய்த ஆய்வு 2016ஆம் ஆண்டு ‘பிளோஸ் ஒன்’ ஆய்விதழில் வெளிவந்தது. மலேசியாவில் இரண்டு இடங்களிலிருந்து எடுத்த சோள வேர்களில் வாழ்ந்த பாக்டீரியாக்களுள் நான்கைத் தேர்ந்து, பரிந்துரைக்கப்பட்ட நைட்ரஜன் உரத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் இட்ட செடிகளில் சோதித்தனர். காற்றிலிருந்து வந்த நைட்ரஜன் எவ்வளவு, உரத்திலிருந்து வந்தது எவ்வளவு என்பதைப் பிரித்தறிய ‘நைட்ரஜன்-15’ என்னும் அடையாள அணுவைப் பயன்படுத்தினர். நான்கில் சிறந்து விளங்கியது ‘பாசில்லஸ் பூமிலஸ்’ வகை ஒன்று. 50ஆம் நாளில், செடியின் மேற்பகுதிக்குத் தேவையான நைட்ரஜனில் 30.5 விழுக்காட்டையும் 65ஆம் நாளில் 25.5 விழுக்காட்டையும் அது காற்றிலிருந்து பெற்றுத் தந்தது.

எண்ணிப் பாருங்கள். ஆய்வுக்கூடத்தில் தேர்ந்தெடுத்த பாக்டீரியா, கண்ணாடிக் கூடாரத்தில் வளர்த்த செடி, அளந்தவர்கள் அறிஞர்கள். அப்படியிருந்தும் கிடைத்தது கால் பங்குக்கும் சற்று மேல்! மிகச் சிறந்த விளைவுதான், ஐயமில்லை. ஆயினும் எஞ்சிய முக்கால் பங்கு மண்ணிலிருந்தும் உரத்திலிருந்தும்தானே வந்தது? நம் பதாகைகளில் மட்டும் எப்படி ‘உரமே வேண்டாம்’ ஆனது?

இன்னொன்று. அந்தப் பதாகையில் சோள வேரின் மீது உருண்டை உருண்டையாக வேர்முடிச்சுகள் வரையப்பட்டிருந்தன. சோளத்தில் வேர்முடிச்சு உண்டாவதில்லை, ஐயா! அது அவரைக் குடும்பத்துச் செடிகளுக்கு உரியது. சோளத்தின் பாக்டீரியாக்கள் வேரைச் சுற்றியும் வேரின் உள்ளேயும் சிதறி வாழ்கின்றன. இணையத்தில் கிடைத்த கடலைச்செடிப் படத்தை ஒட்டிவிட்டார்கள் போலும். நடுவர்கள் மூவரும் அதைக் கடந்து போனார்கள்.

வேர்முடிச்சைக் காட்ட வேண்டுமானால் பள்ளித் திடலில் தொட்டாற்சுருங்கியைப் பிடுங்கினாலே போதும். முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பு இருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது என்று பொருள். செலவு ஒரு காசும் இல்லை. நம் பாட்டன் பாட்டியர் பால் வெட்டிய தோட்டங்களில், இளம் ரப்பர்க் கன்றுகளுக்கிடையே பியூரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய கொடிகளைப் பரப்பி வைத்திருந்தது எதற்காக? மண் அரிப்பைத் தடுக்க மட்டுமன்று. அவை அவரைக் குடும்பத்துக் கொடிகள், வேரில் நைட்ரஜன் பிடிக்கும் முடிச்சுகள் உடையவை. அந்தக் கொடிகளுக்குள் காலில் பாம்பு தட்டாமல் நடந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்ல நமக்கு நேரமில்லை. பதாகை அச்சிட நேரமிருக்கிறது.

இப்போது அந்த ஊறல் நீருக்கு வருவோம். இதற்கு மூலம், 1980களில் ஜப்பானின் ரியூக்கியூ பல்கலைக்கழகப் பேராசிரியர் தெருவோ ஹிகா பரப்பிய ‘இஎம்’ எனப்படும் நுண்ணுயிர்க் கரைசல். நம் நாட்டிலும் அதற்குப் பெரும் செல்வாக்கு. 2009 ஆகஸ்டில் பினாங்கில் பத்து இலட்சம் மண்ணுருண்டைகளைக் கடலில் எறியும் நிகழ்ச்சியே நடந்தது. இதே கரைசலைச் சுவிட்சர்லாந்தின் சூரிச் பகுதியில் 2003 முதல் 2006 வரை நான்காண்டுகள் வயலில் சோதித்தார்கள். அவர்கள் செய்த ஒரு செயலைத்தான் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்று மன்றாடுகிறேன். கரைசலில் ஒரு பகுதியை உயிருடன் இட்டார்கள். இன்னொரு பகுதியிலிருந்த நுண்ணுயிர்களைக் கொன்றுவிட்டு இட்டார்கள். இரண்டுக்கும் வேறுபாடு இல்லை! தெரிந்த சிறு பயனும் கரைசலோடு சேர்த்து இட்ட எருப்பொருளால் வந்தது என்றார்கள். அது குளிர்நாட்டு மண். நம் மண்ணில் முடிவு வேறாக இருக்கலாம். வேறாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் அதே முறைதான் வேண்டும்.

கட்டுப்படுத்தப்பட்ட மாறி, தற்சார்பு மாறி, சார்பு மாறி என்று வகுப்பில் மனப்பாடம் செய்ய வைக்கிறோமே, அது இதற்காகத்தானே? பப்பாளியும் சீனியும் அரிசி கழுவிய நீரும் தம்மளவிலேயே சத்துடையவை. வெறும் தண்ணீர் ஊற்றிய செடியோடு அதை ஒப்பிட்டால் வென்றது நுண்ணுயிரா பப்பாளியா என்று எவரால் கூற இயலும்?

சென்ற ஆண்டு என் வீட்டின் பின்புறம் இதைச் செய்து பார்த்தோம். தஞ்சோங் ரம்புத்தானில் எங்கள் வீட்டு மண் பழைய ஈயலம்பல் மணல். கிந்தா பள்ளத்தாக்கில் பலருக்கும் தெரிந்த மண்தான். ஊற்றிய நீர் நிற்காது. மண்புழு கண்ணில் படாது. என் மாணவர் மூவரும் அண்டை வீட்டுச் சிறுமி ஒருத்தியும் முப்பது சோள விதைகளை நட்டார்கள். பத்துக்கு ஊறல் நீர். பத்துக்கு அதே ஊறல் நீரைப் பிரஷர் குக்கரில் அவித்து ஆற வைத்தது. பத்துக்கு வெறும் தண்ணீர். (வெறுமனே கொதிக்க வைத்தால் போதாது, பாசில்லஸ் வகைகளின் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்துவிடும். என் பழைய குக்கரைத் தியாகம் செய்தேன்.) மூன்று வகையையும் கலந்து நட வேண்டும், ஒரு வரிசையாக நட்டால் ரம்புத்தான் மரத்து நிழல் ஒரு வகைக்கு மட்டும் விழும் என்று அந்தச் சிறுமிதான் கூறினாள். எனக்கே தோன்றாத ஒன்று.

வெறும் தண்ணீர்ச் செடிகள் பின்தங்கின. உயிருள்ள ஊறலும் அவித்த ஊறலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே நின்றன. “அப்படியென்றால் நாம் தோற்றுவிட்டோமா, டீச்சர்?” என்றான் ஒருவன். இல்லையப்பா, ஒன்றைக் கண்டுபிடித்தோம் என்றேன். அதையே ஒரு போட்டிக்கு அனுப்பினோம். ‘புத்தாக்கக் கூறு இல்லை’ என்ற ஒற்றை வரியோடு முதற்சுற்றிலேயே நின்றுவிட்டது.

சிறுவர்களுக்கு ஊக்கம் வேண்டாமா என்பர். வேண்டும். ஆனால் விடையை முதலிலேயே முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ப ஒரு செடியை வாட விடுவது ஊக்கமன்று. நம் முன்னோர் பஞ்சகவ்வியத்தில் அனைத்தையும் அறிந்திருந்தனர் என்பர். அதையும் முப்பது செடியில் சோதிப்போம்; அஞ்சுவானேன்?

பெற்றோர்க்குத் தனியாக ஒன்று. மேற்சொன்ன புத்ரா ஆய்வில் சோள வேரிலிருந்து பிரித்த நான்கனுள் ஒன்றின் பெயர் ‘கிளெப்சியெல்லா நிமோனியே’. பெயரே சொல்லும், அந்த இனம் மனிதருக்கு நுரையீரல் அழற்சியையும் உண்டாக்க வல்லது. பயிருக்கு நல்லது செய்வது பிள்ளைக்கும் நல்லது செய்யும் என்னும் உறுதியில்லை. எதெது வளர்கிறதென்று தெரியாத புட்டியில் வெறுங்கையை விட்டுக் கலக்க விடாதீர்கள். இறுக மூடிய புட்டி வளி சேர்ந்து வெடிக்கும். கையுறை, முகக்கவரி, பிறகு சவர்க்காரம்.

அடுத்த போட்டிக்குப் பதிவுக் கட்டணம் கட்டுமுன், பிள்ளையிடமும் பொறுப்பாசிரியரிடமும் ஒன்றைக் கேளுங்கள்: அவித்த கரைசல் ஊற்றிய செடி எங்கே?

எங்கள் வீட்டில் இரண்டாம் முறை விதைத்தாயிற்று. இம்முறை கடையில் வாங்கிய, பாக்டீரியாவின் பெயர் அச்சிட்ட நுண்ணுயிர் உரம். ஒன்பதாம் நாள். முப்பதில் இருபத்தேழு முளைத்திருக்கின்றன. மூன்றைக் கோழி கிளறிவிட்டது.