லியோ பெக்கின் மௌனம்

ரபி லியோ பெக்கைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவர் குப்பை வண்டி இழுத்ததைச் சொல்லாமல் விடுவதில்லை. 1943 ஜனவரியில் நாஜிகள் அவரைத் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு அனுப்பியபோது அவருக்கு வயது 69. 1933 முதல் ஜெர்மானிய யூதர்களின் பிரதிநிதித்துவ அமைப்புக்குத் தலைமை தாங்கியவர், அங்கே பகலில் வண்டி இழுத்தார். இரவில் இருண்ட கொட்டடியில் நெருக்கியடித்து அமர்ந்திருந்தவர்களுக்குப் பிளேட்டோவையும் கான்ட்டையும் பற்றிப் பேசினார். வெளியேறும் வாய்ப்புகள் பலமுறை வந்தும் மறுத்தவர் அவர். 1939இல் யூதக் குழந்தைகளை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றுவிட்டு, பெர்லினுக்கே திரும்பி வந்தார்.

இவையெல்லாம் வணங்கத்தக்கவை. நம்மை உறுத்துவது வேறொன்று.

1943 ஆகஸ்டில் சக கைதி ஒருவர் அவரிடம் ஓர் உண்மையைச் சொன்னார்: ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்படுவோர் நச்சுவாயுவால் கொல்லப்படுகிறார்கள். பெக் அதை எவரிடமும் சொல்லவில்லை. முகாமின் மூத்தோர் அவைக்குச் சொன்னாலும் சில மணி நேரத்தில் முகாம் முழுவதும் பரவிவிடும் என்று கருதி, அதையும் தவிர்த்தார். சாவை எதிர்நோக்கி வாழ்வது சாவினும் கொடியது. தவிர, எல்லோருக்கும் அந்த முடிவு உறுதியும் அல்ல என்பது அவர் எண்ணம். தெரேசியன்ஷ்டாட்டிலிருந்து கிழக்கே அனுப்பப்பட்டோர் ஏறத்தாழ 88,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை.

1963இல் ஹானா ஆரெண்ட் ஐக்மன் வழக்கைப் பற்றிய நூலில் இம்மௌனத்தைக் கடுமையாகச் சாடினார். உண்மை தெரியாமல் சிலர் தாமாகவே முன்வந்து ரயிலேறினர் என்றார். பெக்கை 'யூத ஃபியூரர்' என்ற பொருளில் அவர் குறிப்பிட்டது அநீதி. பிந்தைய பதிப்பில் அச்சொல்லை அவரே நீக்கினார். ஆனால் சொல்லை நீக்கியதால் கேள்வி நீங்கிவிடவில்லை.

கோட்டைச் சுவருக்குள் அடைபட்டவர்கள் தெரிந்துகொண்டு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்பார்கள். தப்பியிருக்க முடியாதுதான், பெரும்பாலும். ஆனால் தப்புவது மட்டுமா மனிதனுக்குரிய செயல்? விடைபெறலாம், ஏற மறுக்கலாம், பிரார்த்திக்கலாம், அழலாம். அந்தத் தேர்வு அவர்களுடையது. இதை நாம் புதிதாகச் சொல்லவில்லை. 1905இல் 'யூத சமயத்தின் சாரம்' எழுதியதிலிருந்து பெக் வலியுறுத்தி வந்ததே, அறக்கட்டளை ஒவ்வொரு மனிதனையும் நோக்கியது, அதற்கு அவனவனே தன் செயலால் பதிலளிக்க வேண்டும் என்பதுதான். அந்தப் பதிலைப் பிறருக்காக ஒருவர் கருணையோடு வாங்கி வைத்துக்கொண்டார். அக்கருணையை நாம் சந்தேகிக்கவில்லை. அவருடைய தத்துவத்தின் முன் அது நிற்கவில்லை என்றே கருதுகிறோம். அவரிடத்தில் நாம் இருந்திருந்தால் இதையேனும் செய்திருப்போமா என்பது தனிக்கதை.

இருந்தும் அவர்மீதான நம் மதிப்பு குறையவில்லை. விடுதலைக்குப் பின் டைபஸ் பரவிய முகாமை உடனே விட்டுப் போகாமல், நோயாளிகளோடு இருந்துவிட்டே லண்டன் சென்றார். 1956இல் அங்கே மறைந்தார். அதற்கு முன், 1949இல் வெளிவந்த, பிழைத்தவர்களின் வாக்குமூலத் தொகுப்பு ஒன்றில் இம்முடிவையும் அதன் காரணங்களையும் அவரே பதிவு செய்திருந்தார். ஆரெண்ட் அவரைக் குற்றம் சாட்டியதும், இன்று நாம் அவரோடு வாதிடுவதும், அந்தச் சில பத்திகளின் துணைகொண்டுதான்.