பொதியும் சந்தாவும்

யாழ்ப்பாணத்தில் காங்கேசன்துறை வீதியால் போனால், இணுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் நடுவில் மருதனார்மடம் வரும். ஒரு சந்தி, ஒரு மரக்கறிச் சந்தை, வானத்தைத் தொடுகிற மாதிரி ஓர் ஆஞ்சநேயர் சிலை, பக்கத்தில் இராமநாதன் கல்லூரி. எமது வாசகர்கள் பலருக்கு அந்த ஊரின் பெயர் 2020 டிசம்பரில்தான் காதில் விழுந்திருக்கும். அந்தச் சந்தையில் கொரோனாத் தொற்றுக் கண்டார்கள். 'மருதனார்மடம் கொத்தணி' என்று தினமும் செய்தியில் சொன்னார்கள். சந்தையை மூடினார்கள். கீரைக்கட்டும் கத்தரிக்காயும் விற்று அன்றன்று உலை வைத்தவர்களுக்கு அன்றைய உழைப்பு இல்லாமல் போனது.

அந்தக் காலத்தில் அங்கே நடந்ததுதான் எங்கள் லயங்களிலும் நடந்தது. அரிசி, பருப்பு, சீனி, மா என்று பொதிகள் வந்தன. கொடுக்கிற கை இரண்டு, வாங்குகிற கை இரண்டு, படம் எடுக்கிற கைபேசி நாலு. வந்த பொதியை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பசித்த பிள்ளையை வைத்துக்கொண்டு எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் படத்துக்காகச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்ற எங்கள் தாய்மாரின் முகம் எமக்கு மறக்கவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. அண்மையில் ஒரு டிவிஷன் கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து கேட்டார்: "ஏதாவது நடந்தால் உதவி செய்ய வெளியில் ஆட்கள் இருக்கிறார்கள். பிறகு எதற்கு மரண உதவிச் சங்கத்துக்கு மாதாமாதம் சந்தா?" கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், சிலர் தலையாட்டினார்கள். கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது எமது கடமை.

இதே கேள்வி நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இங்கிலாந்தின் பஞ்சாலை நகரங்களில் எழுந்தது. மான்செஸ்டரிலும் சுற்றியிருந்த ஊர்களிலும் ஆலைத் தொழிலாளர் ஒரே சுவரில் ஒட்டிய சின்ன வீடுகளில் இருந்தார்கள். எங்கள் லயத்தை அவர்களுக்குக் காட்டினால் அந்நியமாகத் தெரிந்திருக்காது. அவர்களுக்கு இருந்த பெரிய பயம் சாவைப் பற்றியது அல்ல, அநாதைப் பிணமாகப் புதைக்கப்படுவதைப் பற்றியது. அதனால் வாரம் ஒரு பென்னி சேர்த்து அடக்கச் சங்கங்கள் நடத்தினார்கள். நோயில் விழுந்தால் வாரப்பணம் கொடுக்கிற சகாயச் சங்கங்களும் இருந்தன. 1844இல் ரொச்டேல் என்ற ஊரில் 28 பேர் சேர்ந்து 28 பவுண் முதலோடு ஒரு கடை திறந்தார்கள். மா, பட்டர், சீனி, ஓட்ஸ் மா, மெழுகுதிரி, இவ்வளவுதான் கடையில் இருந்தது. இன்று உலகம் முழுவதும் உள்ள கூட்டுறவுக் கடைகள், எங்கள் ஊர் ப.நோ.கூ. சங்கம் உட்பட, அந்தக் கடையைத்தான் தாய்க்கடை என்று சொல்கின்றன.

பிறகு 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. பருத்தி வரவில்லை. ஆலைகள் மூடின. பணக்காரர்கள் நிவாரணக் குழுக்கள் அமைத்தார்கள். உண்மையிலேயே நிறையப் பணம் சேர்ந்தது. ஆனால் 1863 மார்ச்சில் ஸ்டேலிபிரிட்ஜ் என்ற ஊரில் குழுக்காரர்கள் உதவித் தொகையைக் குறைத்து, அதையும் காசாகக் கொடுக்காமல் கடைத் துண்டாகக் கொடுக்கத் தீர்மானித்தார்கள். குறிப்பிட்ட கடையில், குறிப்பிட்ட சாமான்தான் வாங்கலாம். தொழிலாளர் கொதித்தெழுந்தார்கள். கடைகளும் களஞ்சியமும் உடைந்தன, படை வந்தது. அதுவரை பட்டினியைப் பொறுத்திருந்தவர்கள், தங்கள் காசைத் தாங்கள் செலவு செய்யத் தெரியாதவர்கள் என்று நடத்தப்பட்டதைத்தான் பொறுக்கவில்லை. கொடுப்பவர் மனம் மாறினால் கொடை மாறும், அதைத் தட்டிக் கேட்க வாங்குபவருக்கு இடமில்லை. சந்தா கட்டியவர் கணக்குப் புத்தகத்தைத் திறக்கச் சொல்லலாம், தலைவரை மாற்றலாம். அந்த இளைஞருக்கு எமது முதல் பதில் இதுதான்.

இனி மருதனார்மடத்துக்குத் திரும்புவோம். அங்கே 1913இல் பெண்களுக்கென்று கல்லூரி திறந்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். தன் சொத்தைக் கொட்டிக் கட்டினார். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகளுக்கு அது பெரிய கொடை, அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் டொனமூர் ஆணைக்குழு சகலருக்கும் வாக்குரிமை என்று சொன்னபோது அதைக் கடுமையாக எதிர்த்தவரும் அவர்தான். படிக்க வைக்கலாம், வாக்குக் கொடுக்கக்கூடாது என்றால் அந்தக் கொடைக்கு ஒரு வேலி இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அவருடைய தம்பி சேர் பொன்னம்பலம் அருணாசலம் வேறு பாதையில் போனார். 1915இல் சமூக சேவைக் கழகம் தொடங்கி கொழும்புச் சேரிகளில் வேலை செய்தார். அதோடு நின்றிருந்தால் அவரும் இன்னொரு தர்மவானாக இருந்திருப்பார். 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிக் கழகத்தை அமைத்து அவர் கேட்டது கஞ்சியோ கம்பளியோ அல்ல. அறிவிப்புக் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளியைச் சிறையில் போடுகிற சட்டத்தை எடு என்று கேட்டார். 1920களின் தொடக்கத்தில் அந்தத் தண்டனை நீங்கியது. துண்டு இல்லாவிட்டால் அடுத்த தோட்டத்தில் வேலை இல்லை என்ற துண்டு முறையும் அதே காலத்தில் ஒழிந்தது. எங்கள் பாட்டன்மார் சுதந்திரமாகக் காலடி எடுத்து வைத்தது அந்த மாற்றத்தால்தான்.

வடக்கிலிருந்து இன்னொரு பாடமும் உண்டு. கல்லூரி கட்டியவர்களின் பாடம் அல்ல, பனையேறியவர்களின் பாடம். சீவல் தொழிலாளர் முட்டியைச் சுமந்து உயிரைப் பணயம் வைத்து ஏறினார்கள், தவறணையைக் குத்தகைக்கு எடுத்தவர் இலாபம் பார்த்தார். சாதியின் பெயரால் அவமானமும் சேர்ந்தது. 1970களில் தவறணைகள் அவர்களுடைய சொந்தக் கூட்டுறவுச் சங்கங்களின் கைக்கு வந்தன. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம் என்று பெயர் நீளம், வேலை எளிது: கள்ளைச் சங்கம் வாங்கும், விற்கும், தொழிலாளியின் பெயரில் சேமிப்பு வைக்கும், மரத்திலிருந்து விழுந்தவரின் வீட்டுக்குக் கை கொடுக்கும். போர் நடந்த காலத்திலும் அந்தச் சங்கங்கள் முழுதாக அழிந்துவிடவில்லை.

எங்கள் பக்கத்தில் நிலைமை எப்படி? 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. நாடு முழுவதிலுமிருந்து, யாழ்ப்பாணத்திலிருந்தும், லொறி லொறியாக உதவி வந்தது. அந்த மனிதர்களுக்கு இன்றும் நன்றி சொல்கிறோம். ஆனால் உடுப்பு மலையாகக் குவிந்த இடத்தில் வீட்டுக்காகக் குடும்பங்கள் காத்துக்கிடந்தன. ஆபத்தான இடத்திலிருந்து எழுப்பி வேறு காணியில் குடியேற்று என்று கேட்கிற உரிமையை எந்த லொறியும் கொண்டு வராது.

ஆகவே சந்தா வேண்டும். ஆனால் சந்தா கட்டுகிற சங்கங்களில் குறை இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. இங்கிலாந்தின் சங்கங்களிலும் பொருளாளர் பெட்டியோடு ஓடிய கதைகள் உண்டு. பெண்களையும் வயதானவர்களையும் வெளியே நிறுத்திய சங்கங்கள் உண்டு. எங்கள் சங்கங்களில் நடப்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஒரு தோட்டத்தில் ஐந்து வருடமாக மரண உதவிச் சங்கத்தின் கணக்கு வாசிக்கப்படவில்லை. இன்னொன்றில் கொழுந்து எடுக்கிற பெண்களின் சந்தாதான் முக்கால்வாசி, நிருவாகத்தில் ஒரு பெண்கூட இல்லை. ஓய்வு பெற்றதும் பெயரை வெட்டிவிடுகிறார்கள். சாவு நெருங்குகிற வயதில் மரண உதவியை நிறுத்துவது என்ன கணக்கு?

சங்கத்தில் அவசரத்துக்குச் சின்னக் கடன் கிடைக்காதபோதுதான் எங்கள் பெண்கள் நுண்கடன் கம்பனிகளிடம் போகிறார்கள். வாராவாரம் வாசலில் வந்து நிற்கிறவனுக்குப் பயந்து கொழுந்து மலையில் ஒளிகிறார்கள். 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்ததை ஞாபகப்படுத்துகிறோம். அவர்களும் எங்களைப் போன்றவர்களே.

இன்னொரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். "உங்களிடம்தான் சங்கம் இருக்கிறதே" என்று சொல்லி, சவப்பெட்டிச் செலவிலிருந்தும் ஆஸ்பத்திரிக்குப் போகிற வாகனத்திலிருந்தும் கைகழுவப் பார்க்கிற நிருவாகங்கள் இருக்கின்றன. எங்கள் ஐம்பது ரூபாய் சந்தா அவர்களுடைய பொறுப்புக்குப் பதிலீடு அல்ல. இங்கிலாந்துத் தொழிலாளர் தங்கள் சகாயச் சங்கங்களை வைத்துக்கொண்டே 1908இல் முதியோர் ஓய்வூதியத்தையும் 1911இல் நோய்க்கால காப்புறுதியையும் சட்டமாகக் கண்டார்கள். ஊழியர் சேமலாப நிதி நேரத்துக்குக் கட்டப்படுகிறதா, பணிக்கொடை மிச்சமில்லாமல் கிடைக்கிறதா என்று பார்ப்பது தொழிற்சங்கத்தின் வேலை. பெட்டி தூக்குவதும் குழி வெட்டுவதும் சாவு வீட்டில் தேத்தண்ணி ஊற்றுவதும் மரண உதவிச் சங்கத்தின் வேலை. இரண்டும் ஒன்றையொன்று விழுங்கக்கூடாது.

அடுத்த சம்பளத்துக்குப் பிந்திய ஞாயிறு ஒவ்வொரு டிவிஷனிலும் மரண உதவிச் சங்கக் கணக்கைக் கோயில் முற்றத்தில் வாசிக்கும்படி தோட்டத் தலைவர்மாரையும் மாதர் தலைவிகளையும் கேட்டிருக்கிறோம். வங்கிப் புத்தகத்தில் ஒரு பெண்ணின் கையொப்பமும் இருக்க வேண்டும். ஓய்வு பெற்றவர்களின் பெயர்களைத் திரும்பச் சேர்ப்பது பற்றி அன்றே தீர்மானம் எடுங்கள். கேள்வி கேட்ட தம்பியைப் புத்தகம் வாசிக்கச் சொல்லியிருக்கிறோம். அவரும் ஒத்துக்கொண்டார்.